நான் இல்லாத மூணு மாசம்

அந்தக் கவரை மடிக்காதீங்கம்மா. எக்ஸ்ரே படம் மடிஞ்சா அப்புறம் எந்த டாக்டர் பார்த்தாலும் கோடு கோடாத்தான் தெரியும். இப்படிக் குடுங்க, ஜன்னலோரமா நிமித்தி வைக்கிறேன். யாருக்கு, அப்பாவுக்கா? இடுப்பா? விழுந்துட்டாரா? சரி சரி. துருவிக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. நான் நர்ஸ். தலைமை நர்ஸ். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில முப்பத்திநாலு வருஷம், அதுல பதினாறு வருஷம் சர்ஜிகல் வார்டு. ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு.

எங்க இறங்கணும்? மில் கேட்டா? அங்க மூடிக்கிடக்கிற மில்லும் மரகதம்மாள் இல்லமும்தானே இருக்கு. இல்லத்துக்கா போறீங்க? அப்பாவைச் சேர்க்கறதுக்கு இடம் பார்க்கவா?

அப்படியா.

நல்லவேளை என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. திண்டுக்கல்ல ஏறுனீங்களே, மில் கேட் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அந்த இல்லத்துல பதினோரு வருஷம் நான்தான் சூப்பிரண்டு. சௌந்தரவல்லின்னு சொன்னா யாருக்கும் தெரியாது. சூப்பிரண்டு அம்மான்னா ஒட்டன்சத்திரம் வரைக்கும் தெரியும். மில் முதலாளி அவர் சம்சாரம் பேர்ல கட்டின இடம். நாப்பது கட்டில். இந்தப் பக்கம் பொம்பளைங்க இருபது பேர், முற்றம் தாண்டி அந்தப் பக்கம் ஆம்பளைங்க இருபது பேர். எல்லாம் பக்கவாதம், இடுப்பு ஒடிஞ்சது, நினைவு தப்பினது. இனிமே வீட்ல வச்சுக்க முடியாதுன்னு கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடறது. உங்களைச் சொல்லலைம்மா, பொதுவாச் சொல்றேன்.

நான் போறதுக்கு முன்னாடி அங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள நுழையணும். நான் போய் மூணே மாசத்துல டெட்டால் வாசனையைத் தவிர வேற வாசனை கிடையாது. காலையில அஞ்சு மணிக்கு மணி அடிச்சுடும். அஞ்சேகால்ல இருந்து குளியல், கட்டில் நம்பர்படி. ஏழு மணிக்குக் கஞ்சி. பன்னெண்டுக்குச் சோறு. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஜன்னல் சாத்தி அமைதி. சாயந்தரம் ஆறு மணிக்கு எல்லாருக்கும் டயபர். எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான், நடக்கிறவங்களுக்கும். நடக்கிறவங்கதானே எழுந்து போய் விழுவாங்க? பதினோரு வருஷத்துல என் வார்டுல ஒருத்தர் கீழ விழுந்ததில்லை. ஒருத்தர். உங்க அப்பா என்கிட்ட இருந்திருந்தா இந்தப் படமே எடுத்திருக்க வேண்டாம்.

நிர்வாகம் நிர்வாகம்னு இப்ப ஆளாளுக்குப் பேசறாங்க. நிர்வாகம்னா என்ன? நம்ம செருப்புச் சத்தம் கேட்டதும் ஆயா கை தன்னால வேலைக்குப் போகணும். பேச்சு நிக்கணும். அவ்வளவுதான். அன்பா இருங்க, கருணையா இருங்கன்னு சுவத்துல எழுதி வச்சா ஒருத்தரும் பெட்ஷீட் மாத்த மாட்டாங்க. நான் எழுதி வைக்கலை. என் பெட்ஷீட் மூலையைப் பார்த்தீங்கன்னா கத்தி மாதிரி இருக்கும். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்களே தொட்டுப் பார்த்துட்டுப் போயிருக்காங்க.

இப்ப யார் சூப்பிரண்டு தெரியுமா? வேலுத்தாய்.

பேரைக் கேட்டீங்களா? அவ நர்ஸ்கூட இல்லை. ஆயா. ஒன்பதாம் வகுப்பு, அதுவும் பாஸா ஃபெயிலான்னு தெரியாது. வீடு கட்டற எடத்துல சித்தாள் வேலை பார்த்துக்கிட்டிருந்தவ. நான்தான் பாவம்னு ஆம்பளைங்க வார்டுல சேர்த்துவிட்டேன். பெட் பான் பிடிக்கக் கத்துக்குடுத்தது நான். கையுறை எப்படிக் கழட்டணும்னு கத்துக்குடுத்தது நான். எட்டு வருஷம் என்கிட்ட ‘சரிங்கம்மா’ங்கிற ஒரு வார்த்தைக்கு மேல பேசினதில்லை. வேலையும் சுத்தம்னு சொல்ல முடியாது, ஒரு கட்டில்ல நின்னா அங்கேயே நின்னுருவா. அவங்களோட கதை பேசுவா. வாய் பேச முடியாதவங்களோடயும் கதை பேசுவா. நான் எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன்.

இதெல்லாம் ஒரே ஒரு ஆளை வச்சுத்தான் வந்துச்சு. மாயழகுன்னு ஒருத்தன், பதினெட்டாம் கட்டில். லாரி டிரைவர். பொள்ளாச்சி வழியா கேரளாவுக்குக் காய்கறி ஏத்திக்கிட்டுப் போறவன். ஐம்பத்தெட்டு வயசுல பக்கவாதம் வந்து வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. ஒரே மக, அது திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கு. மூக்கு வழியாக் குழாய் போட்டு அனுப்பி வச்சாங்க. அந்தக் குழாய்லதான் கஞ்சி. ரெண்டு நிமிஷத்துல ஊத்தி முடிச்சுடலாம், யாருக்கும் சிரமம் இல்லை.

ஆனா அவனுக்கு இடது கை நல்லா இருந்துச்சு பாருங்க. அதை வச்சு குழாயைப் புடுங்கிப் போட்டுருவான். வாரத்துக்கு மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் திரும்பப் போடணும், போடறப்ப மூக்குல ரத்தம் வரும், அவன் திமிறுவான். என்ன செய்ய முடியும்? கையைக் கட்டிவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கயிறு போட்டா கட்டினேன்? கட்டிலோட கம்பியில, மணிக்கட்டுக்குப் பஞ்சு வச்சு, கட்டுத்துணியால, ரெண்டு விரல் நுழையற அளவுக்கு இடம் விட்டு. ஆஸ்பத்திரியில எப்படிக் கத்துக்குடுத்தாங்களோ அப்படி. ரெண்டு கையையும்தான் கட்டினேன். வலது கை செத்த கைதான், அதைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனா ஒரு பக்கம் மட்டும் கட்டினா பார்க்கிறவங்களுக்கு நல்லா இருக்காது. ரெண்டு பக்கமும் கட்டினா ஒரு ஒழுங்கு தெரியும். ரெண்டு வருஷம் ஒரு பிரச்சினை இல்லை. அவனும் பழகிட்டான். கஞ்சி நேரம் வந்தா கண்ணை மூடிக்குவான்.

இப்படிப் போய்க்கிட்டிருக்கறப்பத்தான் என் முழங்கால் போச்சு. ரெண்டும். இனிமே முடியாது, மாத்தித்தான் ஆகணும்னுட்டாங்க. மெட்ராஸ்ல என் மகன் இருக்கான், குமரகுரு. அவன் அங்கேயே ஏற்பாடு பண்ணினான். மூணு மாசம் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். என் இடத்துக்குத் தற்காலிகமா ஒரு நர்ஸைப் போட்டாங்க. அது ஒரு வாரத்துல ஓடிப்போச்சு. செயலாளர் நாச்சியப்பன்னு ஒருத்தர் இருக்கார், மில் முதலாளியோட மருமகன். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் சாவியை வச்சுக்கன்னு வேலுத்தாய் கையில குடுத்துட்டுப் போயிட்டார். சாவியை வச்சுக்கத்தான் சொன்னார். இடத்தையே தலைகீழா மாத்தச் சொல்லலை.

மெட்ராஸ்ல நான் பட்ட பாடு வேற கதை. ஆபரேஷன் நல்லா ஆச்சு. வீட்டுக்கு வந்தாச்சு. மகனும் மருமகளும் வேலைக்குப் போறவங்க, அதனால ஏஜென்சியில சொல்லி ஒரு பொண்ணை வச்சாங்க. அதுக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கும். வந்த மூணாம் நாளே எனக்கு டயபர் போட்டு விட்டுருச்சு. எதுக்குன்னு கேட்டா, நீங்க எழுந்து நடந்தா விழுந்துருவீங்கன்னு அண்ணன் சொன்னாருங்குது.

பட்டப்பகல், பத்தரை மணி. எனக்கு வந்துச்சு. பாத்ரூம் இருக்கிறது எட்டடி தூரத்துல. வாக்கர் சுவரோரமா நிக்குது. நான் எட்டினா கைக்கு எட்டலை. கண்ணு, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுன்னேன். அது போன்ல இருந்து தலையைத் தூக்கலை. ‘அதான் போட்டிருக்குல்ல பாட்டி, அதுலயே போயிடுங்க’ன்னுச்சு.

பாட்டி.

பன்னெண்டு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேம்மா. ஃபேனையே பார்த்துக்கிட்டு. ஃபேன்ல மூணு இறக்கை, ஒண்ணுல மட்டும் தூசி ஜாஸ்தியா இருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். அப்புறம் என்ன, உடம்பு எவ்வளவு நேரம் பேச்சைக் கேக்கும். நான் அழுதேன்னு சொல்ல மாட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. வலி மாத்திரை அப்படி, அது கண்ணுல தண்ணி வரவைக்கும்.

சாயந்தரம் மகன் வந்ததும் சொன்னேன். அவன் ஷூவைக் கழட்டிக்கிட்டே, ‘பாதுகாப்புக்குத்தானேம்மா’ங்கறான். எனக்கு, தலைமை நர்ஸுக்கு, பாதுகாப்பு சொல்லிக் குடுக்கறான். ஒன்பது நாள் அப்படிக் கிடந்தேன். என் மூத்திரம் எனக்கே நாறினதை நான் அப்பத்தான் முகர்ந்து பார்க்கறேன். பயிற்சி இல்லாத பொண்ணு, வேற என்ன சொல்றது. என் ஆயாக்களா இருந்தா அப்படி ஒரு வார்த்தை வாயில வந்திருக்காது. ஒண்ணுமே பேசாம மாத்திட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாளுக. நான் அப்படித்தான் பழக்கி வச்சிருந்தேன்.

சரி, அதை விடுங்க. இல்லத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்தேன்.

ஸ்டோர் பார்க்கிற அமலோற்பவம் எனக்கு வாராவாரம் போன் பண்ணுவா. சாவி கை மாறின முதல் வாரம் சொன்னா, மணி அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. ரெண்டாவது வாரம், குளியல் வரிசைப்படி இல்லையாம், யார் எப்ப எழுந்திருக்காங்களோ அப்பவாம். அப்புறம் சாயந்தரம் டயபர் கிடையாதாம், யாருக்கு வேணுமோ அவங்களுக்குத்தானாம், மத்தவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். தினமும் காலையில இந்த வேலுத்தாய் எல்லா ஆயாவையும் முற்றத்துல உக்கார வச்சு டீ குடிச்சுக்கிட்டே ஒரு கூட்டம் போடறாளாம். நேத்து யார் சிரிச்சாங்க, யார் சாப்பிடலை, யாருக்கு என்னவோ மாதிரி இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தியையும் கேக்கறாளாம். கூட்டுறவளையும் கேக்கறாளாம். கூட்டுறவளுக்கு என்ன தெரியும்? ஆனா கேக்கறா. இவளுகளும் பெரிய டாக்டர் மாதிரி சொல்றாளுகளாம்.

ரெண்டு பேர் விழுந்தாங்க, அது தெரியுமா உங்களுக்கு? ரெண்டே மாசத்துல ரெண்டு பேர். ஒரு அம்மாவுக்கு நெத்தியில நாலு தையல். என் பதினோரு வருஷக் கணக்கு அன்னைக்குக் கெட்டுது. இவ என்ன செஞ்சா? மறைக்கவாவது தெரியணும். நோட்டுல அவ கையாலயே எழுதி, அந்தம்மா மகனுக்குப் போன் பண்ணி, நான் கையை விட்டுட்டேன் தம்பி, என் தப்புன்னு சொல்லியிருக்கா. இந்த மாதிரி ஒரு அசட்டைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அப்புறம் மாயழகு. அவன் கட்டை அவுத்தது முதல் நாளே. நான் ரயில் ஏறின அன்னைக்கே, சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவுத்திருக்கா, பின்னாடிதான் தெரிஞ்சுது. அவன் குழாயைப் புடுங்கினான், புடுங்காம என்ன செய்வான். திரும்பப் போடறதுக்குப் பதிலா இவ அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. புதன்கிழமை வர்ற சின்ன டாக்டரைப் பிடிச்சு, இவருக்கு இது வேணுமா சார், ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கன்னு நின்னிருக்கா. அவரும் புதுசு. நிமித்தி உக்கார வச்சு, ஒரு ஸ்பூன் தண்ணியைக் குடுத்து, தொண்டையில விரல் வச்சுப் பார்த்துட்டு, விழுங்கறாரு, கெட்டியாக் குடுத்துப் பாருங்க, மெதுவா, பக்கத்துலயே இருக்கணும்னு சொல்லிட்டார்.

மெதுவான்னா எவ்வளவு மெதுவா? ஒரு வேளைக் கஞ்சிக்கு அம்பது நிமிஷம். ஒரு ஆளுக்கு. நான் அந்த அம்பது நிமிஷத்துல ஒரு வார்டையே முடிச்சுருவேன். இவ மூணு வேளையும் உக்காந்து ஊட்டியிருக்கா, அவளுக்கு முடியாதப்ப மத்தவளுகளைப் பழக்கி உக்கார வச்சிருக்கா. இருமினா நிறுத்தணும், முதுகைத் தட்டணும், கொஞ்சம் பொறுக்கணும், மறுபடியும். மூணாவது வாரம் கஞ்சியைத் தள்ளிவிட்டு எதையோ காட்டியிருக்கான். என்னன்னு புரியாம ஒவ்வொண்ணாக் காட்டிக் காட்டிக் கடைசியில டீ. டிரைவர்தானே, டீ கேக்கறான். டாக்டர்கிட்ட கேட்டு, டீயில மாவைக் கரைச்சுக் கெட்டியாக்கிக் குடுத்திருக்கா. அதை யார் குடிப்பா? அவன் குடிச்சான். குடிச்சுட்டு வாயைத் திறந்து பேசினான். ரெண்டு வருஷத்துல முதல் பேச்சு. என்ன சொன்னான் தெரியுமா? ‘சீனி’ன்னான். சீனி பத்தலையாம்.

இதுக்குப் போய் அங்க இருந்த ஆயாவெல்லாம் அழுதாளுகளாம். அமலோற்பவமும் அழுதாளாம், போன்ல சொல்றப்பவே மூக்கை உறிஞ்சறா. ஏண்டி, ஒரு ஆளுக்குச் சீனி பத்தலைன்னா ஸ்டோர்ல இருந்து எடுத்துக் குடு, எதுக்கு அழறேன்னேன். அதுக்கப்புறம் அவ எனக்குப் போன் பண்றதைக் குறைச்சுக்கிட்டா. அவளும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா.

மூணு மாசம் முடிஞ்சு நான் வந்தேன். வர்றேன்னு யாருக்கும் சொல்லலை. காலையில ஒன்பதரை மணிக்குப் போய் நின்னேன். நாலாம் கட்டில் இன்னும் தூங்குது. ஒன்பதாம் கட்டில் பச்சை சீலை கட்டிக்கிட்டு வெராந்தாவுல உக்காந்து ரேடியோ கேக்குது, நான் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலக் கவுன் தைச்சுக் குடுத்திருந்தேன். பெட்ஷீட் மூலையெல்லாம் தொங்குது. தாளிக்கிற வாசனை, பூ வாசனை, அதோட லேசா மூத்திர வாடையும். ஆமாம், மூத்திர வாடை. அதை நீங்களும் போய் முகர்ந்து பாருங்க.

என்னைப் பார்த்ததும் ஆயாக்கள் பேச்சை நிறுத்திட்டாளுக. அந்த மட்டுக்கும் சந்தோஷம். வேலுத்தாய் ஓடி வந்தா, கால் எப்படி இருக்கும்மான்னு கேட்டா. மணி எங்கன்னு கேட்டேன். அலமாரியில பத்திரமா இருக்கும்மாங்கறா. ஏன் அடிக்கறதில்லைன்னேன்.

‘யாரும் எங்கேயும் போகலையேம்மா’ன்னா.

இது பதிலா? நான் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். இந்த இடம் எதுக்கு இருக்கு தெரியுமாடின்னு கேட்டேன். இவங்கல்லாம் குணமாகி வீட்டுக்குப் போறவங்க கிடையாது, கடைசி வரைக்கும் புண் இல்லாம, நாத்தம் இல்லாம, விழாம வச்சு அனுப்பறதுக்குத்தான் இந்த இடம், உன் பாசத்தைக் காட்டறதுக்கு இல்லைன்னு சொன்னேன். அவ தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. எட்டு வருஷமா அப்படித்தான் நிப்பா. அப்புறம் மெதுவா, ‘இங்க இருக்கிறவங்க இருக்கத்தானம்மா வந்திருக்காங்க’ன்னா.

இருக்கிறவங்க இருக்கத்தான் வந்திருக்காங்களாம். இதுல ஏதாவது அர்த்தம் இருக்கா? நீங்களே சொல்லுங்க. ஒன்பதாம் வகுப்பு படிச்சவ பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனா நாச்சியப்பன்கிட்ட இதையே சொல்லியிருக்கா போல. அவர் ஏதோ பெரிய உபதேசம் கேட்ட மாதிரி என்கிட்ட திருப்பிச் சொல்றார். அம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துங்களேன், உங்க படிப்பும் வேலுத்தாயோட மனசும் சேர்ந்தா நல்லா இருக்கும்ங்கறார். நான் முடியாதுன்னேன். ஒரு இடத்துல ஒரு தலைதான் இருக்கணும். வாங்க, என்னோட ஒரு ரவுண்ட்ஸ் வாங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க யார் தலைன்னு கேட்டேன். அவரும் வந்தார்.

அன்னைக்கு வியாழக்கிழமை. நான் வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன். பொம்பளைங்க வார்டை முடிச்சுட்டு முற்றத்தைத் தாண்டி ஆம்பளைங்க வார்டுக்குப் போனோம். நான் முன்னாடி, நாச்சியப்பன் எனக்குப் பின்னாடி, வேலுத்தாய் கடைசியில. பதினெட்டாம் கட்டில்ல மாயழகு தலையணையில சாஞ்சு உக்காந்திருக்கான். மூக்குல குழாய் இல்லை. சவரம் பண்ணி, சட்டை போட்டுக்கிட்டு, ஜன்னல் வழியா ரோட்டுல லாரி போறதைப் பார்த்துக்கிட்டு ஏதோ முணுமுணுக்கறான். வண்டி பேரைச் சொல்றானாம். உடம்பு தேறியிருந்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

திரும்பி என்னைப் பார்த்தான் பாருங்க. அப்படியே பேச்சு நின்னுது. ஒரு வார்த்தை நான் சொல்லலை. அவனா மெதுவா, தலையணையில இருந்து சறுக்கிச் சறுக்கிக் கீழ படுத்தான். நேராப் படுத்தான். படுத்துட்டு, இடது கையால அந்தச் செத்த வலது கையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டில் கம்பியோரமா வச்சான். அப்புறம் இடது கையை இந்தப் பக்கக் கம்பியோரமா வச்சான். வச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டான்.

மூணு மாசம் எவ்வளவு செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருந்தா. ஒரு நிமிஷம், என்னைப் பார்த்த ஒரே நிமிஷத்துல எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. நான் நாச்சியப்பனைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தீங்களா சார், இதுதான் நிர்வாகம்னு சொன்னேன்.

அவர் அவன் மணிக்கட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். அங்க கொஞ்சம் தழும்பு இருக்கும், தோல் கறுத்து. வேலுத்தாய் என்னைத் தாண்டிப் போய்க் கட்டில்ல உக்காந்து, அவன் ரெண்டு கையையும் எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. ‘ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல, கண்ணத் தொறங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவன் திறக்கவே இல்லை. நாச்சியப்பன் வெளிய போயிட்டார். நான் போய்ப் பார்க்கறப்ப குழாயடியில முகத்தைக் கழுவிக்கிட்டிருந்தார். வெயில் ஒத்துக்கலை போல.

மறுநாள் லெட்டர் வந்துருச்சு. பதினோரு வருஷச் சேவைக்கு நன்றி, இனி ஓய்வெடுத்துக்கொள்ளவும். எல்லாம் அவ வேலை. அந்த மடியில கையை வச்ச நாடகத்தைப் பார்த்து மயங்கிட்டார். படிச்ச மனுஷன். நான் அதை நாலா மடிச்சு பீரோவுல போட்டுட்டு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. யாரும் வந்து பார்க்கவும் இல்லை. பதினோரு வருஷம் நாப்பது கட்டில், பதினாலு ஆயா, ஒருத்தர் வரலை.

அதுக்கு ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் வேலுத்தாய் வந்து வாசல்ல நின்னா. வான்னும் சொல்லலை, உக்காருன்னும் சொல்லலை. அவளே செருப்பைக் கழட்டிட்டு வந்து நாற்காலியில உக்காந்தா. பதவி வந்ததும் நாற்காலி வந்துருது பாருங்க. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினா. ஏழாம் கட்டில் அம்மா, ஆஸ்பத்திரியில இருபது நாள் இருந்துட்டுத் திரும்பி வந்தவங்க, முதுகுக்குக் கீழ புண். என் உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் உள்ளுக்குள்ள போயிருக்கு. அதைக் கட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. யார் கட்டினதுன்னு கேட்டேன். நான்தாம்மான்னா.

என்னென்னமோ கேட்டேன் அவளை. சூப்பிரண்டுன்னு பேர் போட்டுக்கிட்டா போதுமா, புண் கட்டத் தெரிய வேண்டாமா, உன் மனசை வச்சு இந்தப் புண்ணை ஆத்திக்கயேன்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. ரோஷம்னு ஒண்ணு இருந்தா எழுந்து போயிருக்கணும்.

‘அந்தம்மாவுக்கு ரொம்ப வலிக்குதும்மா’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

பத்து நிமிஷம் அவளை அப்படியே உக்கார வச்சேன். காக்க வைக்கணும்னுதான் வச்சேன். அப்புறம் சேலை மாத்திக்கிட்டு என் பெட்டியை எடுத்தேன்.

என்னம்மா சிரிக்கறீங்க? ஆமாம், அங்கதான் போறேன் இப்பவும். செவ்வாயும் வெள்ளியும். இன்னையோட ஏழாவது வாரம். பஸ் காசுகூட வாங்கறதில்லை, அவளுக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிடும். அந்தப் புண் இப்ப இந்தச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருக்கு, இன்னும் ரெண்டு வாரத்துல மூடிரும். நாலு ஆயாவுக்குப் புண் கட்டக் கத்துக்குடுக்கறேன். மண்டையில ஏறவே மாட்டேங்குது. நான் கட்டறப்ப வேலுத்தாய் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது பேசிக்கிட்டே இருப்பா, அவங்க கத்தறதில்லை. அது ஒரு விதத்துல எனக்கும் சவுகரியம்தான், ஆள் அசையாம இருந்தா கட்டு சரியா நிக்கும். அதுக்காக அவளை நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்லை. அந்த இடம் கெட்டுப்போன இடம்தான். உங்க அப்பாவைச் சேர்த்தா காலையில எட்டு மணி வரைக்கும் தூங்குவார், அவருக்குப் பிடிச்சதைக் கேட்டுக் கேட்டுச் சமைச்சுப் போடுவாளுக, நடக்கறேன்னு அவர் சொன்னா நடத்திக் கூட்டிக்கிட்டுப் போவாளுக, இன்னொரு தடவை விழுவார். யோசிச்சுக்குங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.

ஆம்பளைங்க வார்டைப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. அந்தப் பக்கம் நான் போறதில்லை. நான் திரும்பப் போன முதல் நாளே வேலுத்தாய் சொல்லிட்டா, முற்றம் ஒரே வெயிலா இருக்கும்மா, நீங்க அந்தப் பக்கம் வரவேண்டாம்னு. காலையில ஒன்பதரை மணிக்கு என்ன வெயில்? முற்றத்துக்கு மேல தகரம் வேற போட்டிருக்கு, நான் கேட்டு வாங்கிப் போட்டது. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியலை. சொல்றப்ப என் முகத்தையும் பார்க்கலை, என் பெட்டியை வாங்கிக்கிட்டு முன்னாடி நடந்துட்டா.

நானும் சரின்னுட்டேன். ஏன், என்னன்னு கேக்கலை. செருப்பையும் இப்ப வாசல்லயே கழட்டி வச்சுடறேன், சத்தம் இல்லாம.

எழுந்திரிங்க, மில் கேட் வந்துருச்சு. பார்த்து, படி உயரம். உங்க அப்பாவுக்குக் கட்டில் அந்தப் பக்கம்தான் குடுப்பாங்க. நீங்க உள்ள போய் நல்லாப் பார்த்துட்டு வாங்க. நான் இந்தப் பக்கம்தான் இருப்பேன்.